பழைய எடை மென்பொருளுக்கு ஃப்ரீபிஎஸ்டியா, டெபியனா? சீரியல் போர்ட்டில் எண்கள் சிதைந்து வருகின்றன

கேள்வி (குலசேகரம்):

வணக்கம். நாங்கள் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கும் கடை நடத்துகிறோம். மின்னணுத் தராசிலிருந்து 9 பின் சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்கு வரும் எடைதான் பில்லில் ஏறும். மென்பொருளை எழுதித் தந்தவர் வெளிநாடு சென்றுவிட்டார். மூலநிரல் எங்களிடம் இல்லை, 32 பிட் லினக்ஸில் ஓடும் கோப்பு மட்டுமே இருக்கிறது. ஐப்பசி மழையில் விழுந்த இடியில் பழைய கணினி போய்விட்டது. ஹார்டு டிஸ்க் தப்பியது.

புதிய கணினியில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தை நிறுவி, யுஎஸ்பி சீரியல் மாற்றியைப் பொருத்தி, முதலில் தராசை மட்டும் சோதித்தேன். டிடிஒய்யு0 என்ற பெயரில் போர்ட்டைத் திறந்தால் எதுவும் வராமல் அப்படியே நிற்கிறது. சியுஏயு0 என்று திறந்தால் எடை வருகிறது; ஆனால் 35.60 கிலோ சரியாகத் தெரியும்போது, 41.20 கிலோ வைத்தால் புள்ளியும் கடைசிச் சுழியமும் தவிர மற்றவை புரியாத குறிகளாகின்றன. வேகம் 2400 என்பதைக் கையேட்டில் பார்த்தே வைத்தேன். ஷீட் கொண்டுவந்தவர் எதிரே நிற்க, எடையைக் கையால் எழுதிக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. குறை இயங்குதளத்திலா, மாற்றியிலா?

பதில் (நாகர்கோவில்):

இரண்டிலும் இல்லை. உங்கள் தராசு 7 பிட், இரட்டைப் பாரிட்டி (1-களின் மொத்த எண்ணிக்கை இரட்டைப்படையாகும்படி ஒரு சரிபார்ப்பு பிட்டைச் சேர்ப்பது) என்ற அமைப்பில் அனுப்புகிறது; நீங்கள் 8 பிட், பாரிட்டி இல்லை என்று படிக்கிறீர்கள். 0, 3, 5, 6, 9 ஆகிய எண்களின் ஆஸ்கி குறியீட்டில் (எழுத்துகளைப் பிட்டுகளாக மாற்றும் முறை) 1 என்ற பிட் இரட்டைப்படையாக இருப்பதால் பாரிட்டி பிட் 0 ஆகிறது, அவை தப்பிவிடுகின்றன. 1, 2, 4, 7, 8 ஆகியவற்றில் அது 1 ஆகி எட்டாவது பிட்டாக ஒட்டிக்கொள்வதால் எழுத்தே மாறிவிடுகிறது. நீங்கள் எழுதிய இரண்டு எடைகளும் இதற்கு அச்சு அசலாகப் பொருந்துகின்றன.

போர்ட் நின்றுபோனதற்குக் காரணம் வேறு. ஃப்ரீபிஎஸ்டியில் டிடிஒய் பெயர், மறுமுனை இணைந்துவிட்டது என்று சொல்லும் மோடத்தின் கேரியர் சைகைக்காகக் காத்திருக்கும், சியுஏ பெயர் காத்திருக்காது. தராசுக் கேபிள்களில் பெரும்பாலும் 2, 3, 5 ஆகிய பின்கள் மட்டுமே இணைக்கப்பட்டிருப்பதால் அந்தச் சைகை வரவே வராது.

இயங்குதளத்தைப் பொறுத்தவரை, மூலநிரல் கையில் இருந்திருந்தால் ஃப்ரீபிஎஸ்டியையே வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். உங்களிடம் இருப்பது லினக்ஸ் கோப்பு என்பதால், லினக்ஸ் வகையான டெபியனுக்கு மாறுங்கள். லினக்ஸ் கோப்புகளை ஓட்டுவதற்கான ஃப்ரீபிஎஸ்டியின் லினக்ஸ் ஒத்திசைவு அடுக்கில் அதை ஓட வைக்க முடியும் என்றாலும், போர்ட்டின் பெயரும் அமைப்பும் வேறாக இருப்பதால் பழுது வரும் நாளில் தேட வேண்டிய இடங்கள் இரண்டாகிவிடும்.

பதில் (மார்த்தாண்டம்):

ஃப்ரீபிஎஸ்டியின் உறவான ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தையும் விட்டுவிடுங்கள், 2016-இல் வந்த 6.0 பதிப்பிலேயே லினக்ஸ் ஒத்திசைவை நீக்கிவிட்டார்கள். டெபியன் 13-ஐ 32 பிட் கணினியாக நிறுவ முடியாது. 64 பிட்டாக நிறுவி, 32 பிட் நூலகங்களைத் தனியாகச் சேர்த்தால் போதும். அத்துடன் மதர்போர்டில் காம் என்று எழுதிய 10 பின் இணைப்பிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மென்பொருள்கள் டிடிஒய்எஸ்0 என்ற பெயரையே உள்ளே எழுதி வைத்திருக்கும், யுஎஸ்பி மாற்றிக்கோ டிடிஒய்யுஎஸ்பி0 என்றுதான் பெயர் கிடைக்கும்.

கேட்டவர்:

இணைப்பிடம் இருந்தது, அதற்கான சிறு கேபிளை வாங்கிப் பொருத்தி, டெபியன் நிறுவினேன். முதலில் நிர்வாகி கணக்கில் மட்டுமே மென்பொருள் ஓடியது. என் கணக்கை, சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைந்ததும் அது சரியானது. எண்கள் மட்டும் இன்னும் சிதைகின்றன.

பதில் (நாகர்கோவில்):

பழைய ஹார்டு டிஸ்க்கின் தொடக்கக் கோப்பில் எஸ்டிடிஒய் (போர்ட்டின் வேகம், பாரிட்டி போன்றவற்றை அமைக்கும் கட்டளை) என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். லினக்ஸில் போர்ட்டை மூடிய பிறகும் அந்த அமைப்பு நிலைத்திருக்கும் என்பதால், எழுதியவர் பாரிட்டியை மென்பொருளுக்குள் வைக்காமல் வெளியே வைத்திருக்கலாம்.

கேட்டவர்:

இருந்தது ஐயா. 2400, 7 பிட், இரட்டைப் பாரிட்டி என்று ஒரே வரி. அதை மென்பொருளைத் தொடங்கும் கோப்பின் முதல் வரியாகச் சேர்த்துவிட்டு 20 கிலோ படிக்கல்லை வைத்தேன்; பில்லில் 20.00 என்று அச்சானது. கணினியை இரண்டு முறை அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டேன், மாறவில்லை.