எந்த கப்? எத்தனை விசில்? சமையல் குறிப்பு பார்த்துச் சமைத்த அனுபவங்கள்

சென்னையிலிருந்து:

சமையல் குறிப்பில் என்னை அதிகம் படுத்துவது நடுவில் வந்து நிற்கும் "முந்தின நாளே ஊறவைத்த" என்ற வரிதான். போன வாரம் கொண்டைக்கடலைக் குழம்பு. தேவையான பொருட்களில் "கொண்டைக்கடலை 1 கப்" என்று மட்டும்தான் இருந்தது. வெங்காயம் வதங்கி, தக்காளி குழைந்து, மசாலா வாசம் தெருவரைக்கும் போன பிறகு வருகிறது: "இரவு முழுக்க ஊறிய கடலையைச் சேர்க்கவும்." அத்தை தட்டு எடுத்து வைத்துவிட்டார். அன்று அந்த மசாலாவில் வெந்தது உருளைக்கிழங்கு. நன்றாகவே இருந்தது, ஆனால் குறிப்பு எழுதியவருக்கு அதில் பங்கில்லை! (கொதிக்கும் தண்ணீரில் கடலையைப் போட்டு ஹாட்பாக்ஸில் ஒரு மணி நேரம் மூடி வைத்து, அப்புறம் குக்கரில் கூடுதல் நேரம் விட்டால் வெந்துவிடும். அந்த ஒரு மணி நேரம் யாரிடம் இருக்கிறது?)

அடுத்து இந்த "கப்". ரைஸ் குக்கரோடு வருவது 180 மில்லி. கேக் செய்கிறவர்கள் வைத்திருப்பது 240 அல்லது 250. வீட்டு டம்ளர் எதிலும் சேராது. எல்லாவற்றையும் ஒரே கப்பால் அளக்கச் சொன்னால் எந்தக் கப்பும் சரிதான், விகிதம் மாறாது. "மாவு 4 கப், வெல்லம் அரை கிலோ" என்று கலந்து எழுதும்போதுதான் வம்பு. 180 மில்லி கப்பில் அளந்தவர் வீட்டுப் பலகாரம் தித்திப்பில் திகட்டும்.

விசில் கணக்கும் அப்படித்தான். பெரிய பர்னரில் தீயை ஏற்றி வைத்தால் மூன்று விசில் சடசடவென்று வந்துவிடும். சிம்மில் வைத்தால் ஒன்று வருவதற்குள் காய் நறுக்கி முடித்துவிடலாம். விசில் என்பது மிச்ச ஆவி வெளியேறும் சத்தம். பருப்பை வேகவைப்பது உள்ளே 120 டிகிரியை ஒட்டி நிற்கும் சூடும், அது நிற்கும் நேரமும். "முதல் விசில் வந்ததும் சிம்மில் இத்தனை நிமிடம்" என்று எழுதினால் யார் வீட்டு அடுப்பிலும் பருப்பு ஒரே மாதிரி குழையும்.

ஊட்டியிலிருந்து:

அக்கா, விசிலாவது பரவாயில்லை. "மாவு 8 மணி நேரத்தில் பொங்கிவிடும்" என்று எழுதுகிறவர்கள் டிசம்பரில் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வரட்டும். ராத்திரி கரைத்து வைத்த மாவு காலையில் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். தூத்துக்குடியில் அம்மா அதே குறிப்பில், அதே நாலுக்கு ஒன்று அளவில் அரைத்தது விடிவதற்குள் பாத்திரம் தாண்டி மேடையில் வழிந்திருந்தது. இருவரும் போனில் மாற்றி மாற்றிப் புலம்பினோம். இப்போது வெந்நீர் நிரப்பிய அண்டாவுக்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி, மேலே கம்பளி போர்த்தி வைக்கிறேன். மணியைப் பார்ப்பதே இல்லை. மாவு மேலே ஏறி, கரண்டியால் கிளறினால் நுரை தெரிந்தால் இட்லி ஊற்றுகிறேன்.

திருநெல்வேலியிலிருந்து:

அதிரசத்தைச் சொல்லாமல் விடலாமா! என் கையில் இருந்த குறிப்பில் "பாகு பதம் வந்ததும் இறக்கவும்" என்று ஒரே வரி. என்ன பதம்? அந்தப் பலகாரம் முழுவதும் அந்த வரியில்தானே இருக்கிறது! பாகு இளசாக இருந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும், முற்றினால் கடிக்க முடியாது. ஆச்சிதான் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். முதல் சொட்டு தண்ணீரில் கரைந்தது. அடுத்தது அடியில் போய்ப் படிந்தது, எடுத்தால் விரலில் இழுபட்டது. "இன்னும் கொஞ்சம் இரு, அவசரப்படாதே ஏட்டி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து விட்ட சொட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் மெத்தென்று உருண்டது. உடனே அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டார். தட்டில் போட்டால் 'டிங்' என்று சத்தம் கேட்பது கடலை உருண்டைக்கான பாகு, அதிரசத்துக்கு ஆகாது. இதை எழுத மூன்று வரி போதும். ஏன் எழுதுவதில்லை என்று எனக்கு உண்மையிலேயே கோபம்.

டெல்லியிலிருந்து:

என் தங்கை அனுப்பிய மீன் குழம்புக் குறிப்பில் "மிளகாய்த்தூள் 3 ஸ்பூன்". அவள் வீட்டில் மிளகாய்த்தூள் என்றால் மல்லி சேர்த்து மில்லில் அரைத்தது. இங்கே கடையில் கிடைப்பது தனி மிளகாய். என் கணவர் முதல் வாய்க்கே எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டார். பிள்ளைகள் அன்று தயிர் சாதம். தனித்தூளா, குழம்புத்தூளா, டீஸ்பூனா, டேபிள்ஸ்பூனா என்று சேர்த்து எழுதுங்கள், புண்ணியமாகப் போகும்.

சென்னையிலிருந்து:

ஐயோ, பாவம்! அடுத்த தடவை அப்படி ஆனால் கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டுப் பாருங்கள், காரம் அடங்கும். அப்புறம், "5 நிமிடத்தில் வெங்காயம் பொன்னிறமாகும்" என்பதை யாராவது அடுப்பில் நேரில் பார்த்திருக்கிறீர்களா? என் கடாயில் கால் மணி நேரத்துக்குக் குறைந்து ஆனதே இல்லை, உப்புத் தூவி வதக்கியும்கூட.