டிசைன் டிரான்ஸ்ஃபர்: 'வடிவமைப்பு மாற்றம்' பொருந்துமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரு மருத்துவக் கருவியின் வடிவமைப்பு முடிந்த பிறகு, அதைத் தொழிற்சாலை ஆயிரக்கணக்கில் பிசகின்றிச் செய்யும் நிலைக்குக் கொண்டுவரும் கட்டத்தை டிசைன் டிரான்ஸ்ஃபர் என்கிறோம். இதற்கான தமிழ்க் கலைச்சொல்லாக இதுவரை வடிவமைப்பு மாற்றம், வடிவமைப்புக் கையளிப்பு, உற்பத்தி நடவு என்று மூன்று சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. முதல் சொல்லைக் கடுமையாகவே எதிர்க்கிறேன்.

மருத்துவக் கருவி நிறுவனங்களின் தர மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரநிலை ஐஎஸ்ஓ 13485. அதன் 2016 பதிப்பைப் பாருங்கள். 7.3.8ஆம் பிரிவு டிசைன் டிரான்ஸ்ஃபர் பற்றியது. அதற்கு அடுத்த 7.3.9, வடிவமைப்பில் செய்யும் திருத்தங்களைக் கட்டுப்படுத்துவது பற்றியது. 'வடிவமைப்பு மாற்றம்' என்றால் படிப்பவர் இரண்டில் எதை நினைப்பார்? பெரும்பாலும் இரண்டாவதைத்தான்.

இது வெறும் சொல் தகராறு அல்ல. நான் முன்பு வேலை பார்த்த ஒரு சிறு தொழிற்கூடத்தில் சொட்டுமருந்து (டிரிப்ஸ்) ஏற்றும் குழாய்த்தொகுதி செய்தோம். மாதிரிகளை ஒட்டியவர் கைதேர்ந்த அண்ணன் ஒருவர். பிவிசி குழாயின் நுனியைச் சைக்ளோஹெக்சனோன் என்ற கரைப்பானில் தோய்த்து, இணைப்பானுக்குள் செருகி, சற்று நேரம் அசையாமல் பிடித்திருப்பார். அவர் ஒட்டிய எதுவும் கசிந்ததில்லை. வரைபடத்தில் 'கரைப்பானால் ஒட்டுக' என்ற ஒரே வரிதான் இருந்தது. எவ்வளவு ஆழம் தோய்ப்பது, எத்தனை நொடி பிடிப்பது, எவ்வளவு நேரம் உலரவிடுவது என்பதெல்லாம் அவர் விரல்களில் இருந்தன. உற்பத்தி வரிசைக்குப் போன முதல் வாரமே கசிவு. 'வடிவமைப்பு மாற்றத்தில் பிழை' என்று மேற்பார்வையாளர் தமிழில் அறிக்கை எழுதினார். வரைபடத்தைத் திருத்தியது யார் என்று இரண்டு நாள் தேடினோம். யாரும் ஒரு கோட்டைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

'கையளிப்பு' இலங்கை நண்பர் தந்த சொல். அங்கே அன்றாட வழக்கில் உள்ள நல்ல சொல்தான். ஆனால் சாவியைக் கையளித்தவருக்கு அத்துடன் பொறுப்பு முடிகிறது. வடிவமைத்தவர் அப்படி விலகிவிட முடியாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் மருத்துவர் வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா செயற்கை இதய வால்வை எடுத்துக்கொள்வோம். முந்தைய வடிவங்கள் தோற்று, நான்காவதுதான் நிலைத்தது. 1990 டிசம்பரில் முதன்முறையாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டிடிகே நிறுவனம் அதை உற்பத்தி செய்தது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் வால்வின் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடியே 68 லட்சம் முறை திறந்து மூட வேண்டும். அந்தத் தட்டைத் தாங்கும் கோபால்ட்-குரோமியக் கலப்புலோகக் கூண்டை ஒரே உலோகத் துண்டிலிருந்து கடைந்தெடுக்கிறார்கள், பற்றவைப்பே கிடையாது.

பற்றவைப்பு ஏன் பெரிய விஷயம் என்பதற்குப் பியோர்க்-ஷைலி குவி-குழி வால்வு என்ற இன்னொரு செயற்கை இதய வால்வின் கதை இருக்கிறது. 1979 முதல் 1986 வரை விற்பனையில் இருந்தது, உலகெங்கும் சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. தட்டைத் தாங்கும் கம்பிகளில் ஒன்று வளையத்தோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. அது முறிந்து பலர் உயிரிழந்தார்கள். வால்வின் அளவைப் பொறுத்து மட்டுமல்ல, எந்தக் காலத்தில் பற்றவைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தும் முறிவு வாய்ப்பு வேறுபட்டது. வடிவமைப்பு எந்தக் கையால், எந்தப் பொறியால், எந்த வரிசையில் நிறைவேறும் என்பதையும் வடிவமைத்தவரே தொடர்ந்து கவனிக்க வேண்டும். 'கையளிப்பு' அந்தக் கடமையை மறைத்துவிடுகிறது.

'நடவு' மனத்துக்கு இதமான சொல். ஆனால் நாற்றங்காலில் வளர்ந்த அதே நாற்றுதான் வயலுக்குப் போகிறது. ஆய்வகத்தில் கடைந்த முன்மாதிரியோ தொழிற்சாலைக்குப் போவதில்லை. அங்கே வார்ப்பு அச்சில் வேறொன்று பிறக்கிறது. பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும் என்பதால் அச்சையே சற்றுப் பெரிதாக வெட்ட வேண்டியிருக்கிறது.

என் பரிந்துரை: வடிவமைப்புப் பெயர்ப்பு.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1996இல் வெளியிட்ட தர முறைமை விதிகள் இந்தக் கட்டத்தை விளக்கும்போது, கருவியின் வடிவமைப்பு உற்பத்திக் குறிப்புகளாகச் சரிவர மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்ற பொருளிலேயே சொல்லின. மொழிபெயர்ப்பு என்ற உருவகம் மூலத்திலேயே இருக்கிறது. தொல்காப்பிய மரபியலும் 'மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்' என்கிறது. அதர் என்றால் வழி. பெயர்த்ததை உரிய வழியில் அமையக் கட்ட வேண்டும். அண்ணனின் விரல்களில் இருந்ததை ஆழம், நொடி, வெப்பநிலை என்று எவரும் பின்பற்றும் குறிப்பாக எழுதுவது இதே வேலைதான்.

'பெயர்ச்சி' என்று வைக்கலாமா எனத் தனிமடலில் ஒருவர் கேட்டார். குருவும் சனியும் தாமாகப் பெயர்கின்றன, அது தன்வினை. வடிவமைப்பு தானாகப் பெயராது. ஒருவர் பெயர்க்க வேண்டும். ஆகவே 'பெயர்ப்பு'தான் சரி. 'உற்பத்திப் பெயர்ப்பு' என்று நானே முதலில் எழுதிப் பார்த்தேன். உற்பத்தியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊர் ஆலைக்குக் கொண்டுபோவது என்று படித்தவர்கள் புரிந்துகொண்டதால் கைவிட்டேன். 'வடிவப்பெயர்ப்பு' சுருக்கமானது, ஆனால் கழுவும் முறையும் கிருமிநீக்கமும் வடிவத்தில் அடங்குவன அல்ல.

பெயர்ப்புத் திட்டம், பெயர்ப்புக் குழு, பெயர்ப்புக்குப் பிந்தைய முதல் தொகுதி என்று கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன. அந்தப் பழைய அறிக்கையையும் 'வடிவமைப்பில் பிழையில்லை, பெயர்ப்பில் விடுபாடு: பிடிக்கும் நேரம் குறிக்கப்படவில்லை' என்று எழுதிப் பார்த்தேன். ஒட்டும் மேசையில் வேலை செய்யும் இருவரிடம் காட்டினேன். இருவரும் உடனே பிடிக்கும் நேரத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

'பெயர்ப்பு' என்றதும் வேரோடு பிடுங்குவதுதான் நினைவுக்கு வருகிறது என்று யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். அந்த ஒன்றுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

அன்புடன்.