ஊரடங்குக் காலத்தில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் விழுந்தார்களா? அனுபவங்களைப் பகிருங்கள்

கொள்ளிடக்கரை

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் வாசலில் சோப்புத் தண்ணீர் வாளி வைக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. வெளியே போய் வந்தவர்கள் கைகால் கழுவிக் கழுவி வாசற்படி எந்நேரமும் ஈரமாகவே கிடந்தது. பால் பாக்கெட்டை எடுக்கப் போன அப்பா அந்த ஈரத்தில்தான் சறுக்கி விழுந்தார். இடுப்புக்குக் கீழே தொடை எலும்பு முறிந்ததையும், கொரோனா பரிசோதனை முடிவு வரும்வரை அறுவைச் சிகிச்சைக்குக் காத்துக் கிடந்ததையும் நான் விரிக்கவில்லை. அந்தக் காத்திருப்பைப் பலரும் அறிவீர்கள். எனக்கு இன்னும் உறுத்துவது வேறு. அம்மாவின் குரல் கேட்டு ஓடிவந்த எதிர்வீட்டுக்காரர், அப்பாவோடு தினமும் சீட்டாடியவர், கம்பிக் கதவுக்கு வெளியே நின்று, "அண்ணனுக்குக் காய்ச்சல் ஏதும் இருக்கிறதா, அண்ணி?" என்று கேட்டார். இல்லை என்று அம்மா சொல்லியும், வீட்டுக்குள் போய்க் கையுறையும் இன்னொரு முகக்கவசமும் அணிந்துகொண்டுதான் திரும்பினார். அதுவரை அப்பா கன்னம் தரையில் படிய, விலகிய வேட்டியைச் சரிசெய்யக் கை எட்டாமல் கிடந்தார். எதிர்வீட்டுக்காரர்மீது கோபமில்லை, தெருமுனையில் ஒரு வீட்டைத் தகரம் வைத்து அடைத்திருந்த நேரம் அது. ஆனாலும் அந்தக் கேள்வி காதைவிட்டுப் போகவில்லை.

வயலூர்ச் சாலை

கொள்ளிடக்கரை ஈரத்தைக் காரணம் சொல்கிறார். எங்கள் அப்பத்தா விழுந்த இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இரண்டாம் அலை, 2021 மே மாதம். காய்ச்சலோ இருமலோ இல்லாமல், முதல்நாள் இரவு மட்டும் சோறு வேண்டாம் என்றவர், இறந்துபோன தாத்தாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். காலையில் கட்டிலைவிட்டு எழுந்ததும் அப்படியே சரிந்தார். தைலம் தேய்ப்பதா, வைத்தியரிடம் போவதா என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தெருச் செவிலியர் வந்து விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினார். இரத்த ஆக்சிஜன் அளவு 84 என்று காட்டியது, மிகவும் குறைவு. அப்பத்தாவோ மூச்சுத் திணறலே தெரியாமல், வெற்றிலையை இடித்துத் தரச் சொல்லிக்கொண்டிருந்தார். வயதானவர்களுக்குக் கொரோனா காய்ச்சலாக வெளிப்படாமல், மனக்குழப்பமாகவும் விழுதலாகவும் முதலில் தென்படலாம் என்று மருத்துவர் சொன்னது அதற்குப் பிறகுதான்.

மெரினா நடையர்

இருவருமே விழுந்த நொடியைத்தான் பார்க்கிறீர்கள். விழுதல் அதற்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கிவிடுகிறது. மெரினா 2020 மார்ச்சில் மூடப்பட்டு டிசம்பரில்தான் திறந்தது. அதுவரை கட்டிலும் நாற்காலியுமாக இருந்த நான், திறந்த சில நாட்களிலேயே, முகக்கவசத்தால் கண்ணாடியில் ஆவி படிந்து படி தெரியாமல் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். கால்களில் பழைய வலு இருந்திருந்தால் தடுமாறியதோடு போயிருக்கும்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பெரியவரை நாற்காலியிலிருந்து எழுந்து பத்தடி நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் வாய்ப்பு இருக்கிறது என்று கொள்ளலாம். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் இரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊரடங்கில் மருத்துவரைப் பார்க்காமல் பழைய சீட்டைக் காட்டியே பலர் மாத்திரை வாங்கி விழுங்கினார்கள். தள்ளாட்டம் தரக்கூடிய தூக்க மாத்திரையும் சிலவகைப் புராஸ்டேட் மாத்திரையும் அதில் அடக்கம். மாடியில் வெறுமனே நடந்தால் போதும் என்பதும் சரியன்று. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது போன்ற பயிற்சிகளும் வேண்டும். குளியலறையில் துண்டு போடும் கம்பி ஆளைத் தாங்காது, தனிப் பிடிமானம் பொருத்துங்கள்.

இன்னொன்று. விழுந்தவரின் ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் அவரைத் தூக்கி நிறுத்தவே கூடாது. 108ஐ அழைக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரர் தாமதித்ததைவிட, வந்தபின் என்ன செய்தார் என்பதே எனக்குக் கவலை.

கொள்ளிடக்கரை

தூக்கி நிறுத்தவில்லை ஐயா. ஆம்புலன்ஸ் வரும்வரை தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

தேவகோட்டை மகள்

கொள்ளிடக்கரை அறிவுரை கேட்டு எழுதவில்லை என்று நினைக்கிறேன். என் அம்மாவும் விழுந்தார். எலும்பு முறியவில்லை, நடக்கும் துணிச்சல்தான் போயிற்று. கோயில் பூட்டியிருந்தது, திண்ணைக்கு வரும் பெண்கள் வரவில்லை, வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் தொலைபேசியில் "வெளியே போகாதீர்கள் அம்மா" என்பதையே சொன்னார். 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கிய பிறகு, இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அம்மா அவர் கையைப் பிடித்து நிலைப்படிவரை நன்றாகவே நடந்தவர், அங்கே நின்றுகொண்டு, "தம்பி, நீங்கள் போனபிறகு யாரைப் பிடிப்பது?" என்று கேட்டார். அவருக்கும் எனக்கும் பதில் வரவில்லை.

நாற்காலிப் பயிற்சியை அம்மா இன்றும் செய்கிறார். ஆனால் நடையர் ஐயா சொல்லும் 12 விநாடி, அம்மா எழுந்து நிற்க மனத்தைத் தேற்றிக்கொள்வதற்கே போதாது.