தொலைநோக்கி வைக்க இருட்டான நிலம்: ஜவ்வாது மலைப் பக்கம் வாங்கலாமா?

மொட்டைமாடி:
வணக்கம் நண்பர்களே. வீடு சென்னை அம்பத்தூரில். எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வைத்திருக்கிறேன், ஆனால் மாடியிலிருந்து நிலாவும் வியாழனும் சனியும்தான் தேறுகின்றன, ஓரியன் நெபுலாகூட சாம்பல் அப்பியது போலத்தான் தெரிகிறது. போன ஏப்ரலில் ஜமுனாமரத்தூரில் ஒரு ராத்திரி தங்கினேன். விடிவதற்கு முன் பால்வீதி எழுந்து நின்றதைப் பார்த்ததிலிருந்து மனசு வேறெதிலும் ஒட்டவில்லை. இருபது சென்ட் போதும், ஒரு சின்ன அறை, ஒரு சிமெண்டுத் தளம். காவலூர் வானியல் ஆய்வகம் இருக்கும் மலை என்பதால் திருப்பத்தூரைச் சுற்றியே தேடுகிறேன். ஒளி மாசு வரைபடத்தில் போர்ட்டில் அளவு (எண் குறைந்தால் வானம் இருட்டு) 3, 4 காட்டும் இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். வேறு என்ன பார்க்க வேண்டும்?

திரிசங்கு:
தெற்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். காவலூரில் 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கி 1986இல் 2.34 மீட்டர் வரை வந்தார்கள் என்றால், அந்த 12.5 பாகை அட்சரேகையில் தெற்கு வானமும் நன்றாகக் கிடைக்கும் என்பது அதற்கு ஒரு பெரிய காரணம். ஆனால் தாழ்வாகத்தான் கிடைக்கும். ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து உச்சத்துக்கு வரும்போதே தொடுவானத்திலிருந்து 30 பாகைதான், தெற்குச் சிலுவை இன்னும் கீழே, 17 பாகை வாக்கில். தெற்கே ஒரு கல்குவாரியோ பக்கத்துத் தென்னந்தோப்போ இருந்தால் போச்சு. ஊர் வடக்கில் இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

வரைபடத்தை அப்படியே நம்பாதீர்கள். அதற்குப் படம் எடுக்கும் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருவது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில், அதன் உணரிக்கு எல்.இ.டி. விளக்கின் நீல ஒளி தெரியாது. வானத்தில் அதிகம் சிதறுவது அந்த நீலம்தான். தெருவிளக்கை எல்.இ.டி.க்கு மாற்றிய ஊர் வரைபடத்தில் இருட்டாகி, நேரில் வெளுத்திருக்கும்.

புன்செய்:
மலை மேல் வாங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அங்கே காப்புக்காடு போக மிச்சம் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்களின் நிலம், அதில் நாம் கை வைக்கக் கூடாது. அடிவாரத்தில் பாருங்கள். முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு (கிராம நிலங்களின் வருவாய்த் துறைப் பதிவேடு) மூன்றும் கட்டாயம், பஞ்சமி நிலமா, அதாவது பட்டியலின மக்களுக்கென ஒதுக்கியதா என்பதை அ-பதிவேட்டில் பார்க்க வேண்டும். நிலத்தின் அளவை வரைபடமான புலப்படத்தில் வண்டிப்பாதை இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் வாய்ப்பேச்சை நம்பி வாங்கினேன், மறு வருடம் பக்கத்து நிலம் கைமாறி வேலி போட்டுவிட்டார்கள். இப்போது காரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, பத்து அங்குலக் குழாயை வரப்பு மேல் இருநூறு மீட்டர் தூக்கிப் போகிறேன், பாம்பு இருக்குமோ என்று டார்ச் அடித்தபடி, அதனால் கண் இருட்டுக்குப் பழக மறுபடியும் அரை மணி நேரம் ஆகிறது.

செவ்வந்தித் தோட்டம்:
முதலில் ஒரு வருடம் குத்தகைக்கு எடுங்கள் என்பேன். கிருஷ்ணகிரி பக்கம் எனக்கு அருமையான இடம் கிடைத்தது, வெறும் கண்ணுக்கே கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் எட்டு நட்சத்திரம் எண்ணினேன். இரண்டாவது வருடம் பக்கத்து வயலில் செவ்வந்தி போட்டார்கள். இரவு நீண்டால் அது மொட்டு விட்டுவிடும், அதைத் தள்ளிப்போட ராத்திரியில் வரிசையாக பல்ப் எரிப்பார்கள். அவர் பிழைப்பு அது, அணையுங்கள் என்று எப்படிக் கேட்பது? இடத்தைக் காலி செய்தேன். வாங்கியிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். அங்கே என்ன பயிர் போடுகிறார்கள், எந்த மாதம் விளக்கு எரியும் என்று டீக்கடையில் விசாரித்தாலே சொல்வார்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை மேகம், அப்போது போய் இடத்தை எடை போடாதீர்கள். ஜனவரியிலிருந்து மே வரை அமாவாசைக்கு அமாவாசை போய் உட்காருங்கள், பனி எவ்வளவு இறங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

மொட்டைமாடி:
எல்லோருக்கும் நன்றி. குறித்து வைத்த ஏழு இடங்களில் நான்குக்குத் தெற்கே ஊர் இருக்கிறது, அவற்றை அடித்துவிட்டேன். மிச்சம் மூன்றும் ஆலங்காயம் பக்கம். தை அமாவாசைக்கு முதல் இடத்துக்குப் போகிறேன், அங்கே ஒருவர் களத்தில் படுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். புன்செய் அண்ணா, அ-பதிவேட்டை எப்படிப் படிப்பது என்று கொஞ்சம் சொல்ல முடியுமா?