ஒற்றைச் சாக்ஸும் கூழ்ப்பானையும்

குழு: ஆயா வீட்டு ஆடிக் கூழ் (தென்னாப்பிரிக்கா)
வியாழன்

நான், 6.12: பெரியம்மா, பையனின் துணிப் பெட்டியைக் கவிழ்த்தேன். ஜோடி இல்லாத சாக்ஸ் மட்டும் 23. பள்ளிக்கூடத்துச் சாம்பல் நிறம், வீட்டுக்காரரின் கறுப்பு, யாருடையது என்றே தெரியாத ஒரு பச்சை. குப்பையில் போடட்டுமா?

பெரியம்மா (சாட்ஸ்வர்த்), 6.15: போடாதே! ஞாயிற்றுக்கிழமைக்குக் கரித்துணி வேண்டும். போன வருடம் பானையோடு கோயிலுக்குப் போனவை, பானை மட்டும் திரும்பி வந்தது.

மாமா (லெனேசியா), 6.17: கரித்துணியைக் கடையில் வாங்கினால் குடி முழுகிவிடுமா அக்கா?

பெரியம்மா, 6.18: வாங்கி வாயேன். கடைத் துணி ஆணியில் தொங்கும்போது அழகு. கூழ்ப்பானையை இறக்கும்போதுதான் அதன் லட்சணம் தெரியும்.

சித்தி (மேரிட்ஸ்பர்க்), 6.24: பையன்களின் ரக்பி சாக்ஸ் என்னிடம் குவிந்து கிடக்கிறது. முழங்கால் வரை நீளம், நல்ல தடிமன். கொண்டு வருகிறேன்.

பெரியம்மா, 6.25: நீ பேசாதே. போன ஆடியில் நீ தைத்துக் கொடுத்த பளபளப்புத் துணியை மூடியின் பிடியிலிருந்து இன்னும் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.

சித்தி, 6.25: ஒரே ஒரு முறை அக்கா 🙄

நான், 6.26: என்ன நடந்தது? எனக்கு யாரும் சொல்லவே இல்லையே!

பெரியம்மா, 6.29: நைலான். விறகடுப்பில் இருந்த பானையின் மூடியைத் தூக்கினாள், துணி இளகிப் பிடியோடு ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, கையில் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் தோலோடுதான் வந்திருக்கும்.

தம்பி, 6.31: நைலான் வகையைப் பொறுத்து 220 முதல் 260 பாகைக்குள் உருகும். பாலியெஸ்டரும் 260 பக்கம்தான். இளகுவது அதற்கு முன்பே. கூழ் 100 பாகையில் கொதிக்கிறது என்று நம்பிவிடக் கூடாது, தீ நக்குகிற இரும்பு அதைவிட எவ்வளவோ சூடு.

மாமா, 6.32: பல்கலைக்கழகத்துக்குக் கட்டிய பணம் வீண் போகவில்லை.

நான், 6.34: அப்படியானால் இந்த 23-இல் எது பருத்தி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒன்றிலும் சீட்டு இல்லை.

பெரியம்மா, 6.41: ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்து. பருத்தி காகிதம் எரிகிற வாசனை அடிக்கும். சாம்பலை விரலில் தேய்த்தால் விபூதிபோல் உதிரும். நைலான் சுருங்கி ஓடும். ஆறியதும் நுனியில் கடுகு அளவு கெட்டி மணி நிற்கும், நகத்தால் நசுக்கினாலும் நசுங்காது. மணி வந்ததையெல்லாம் தரை துடைக்க வை. சாம்பலோடு கொஞ்சம் கெட்டியாக மிஞ்சினால் அது கலப்பு, அதுவும் எனக்கு வேண்டாம்.

நான், 7.20: வீடெல்லாம் புகை. 23-இல் 9 தேறியது. பச்சை முழுக்க நைலான் 😔

பெரியம்மா, 7.28: ஒன்பது போதும். மேலே ரப்பர் இழை ஓடுகிற விளிம்பை வெட்டி எறி. குதிகாலையும் நுனியையும் விட்டுவிடு. மீதிக் குழாயை வெங்காயம் அரிவதுபோல் குறுக்கே அரி, விரல்கடை அகலம். ஒவ்வொன்றும் ஒரு வளையம். ஒரு சாக்ஸில் எட்டு ஒன்பது கிடைக்கும். தாத்தா அடித்த ஆணிச் சட்டம் என்னிடம் இருக்கிறது, பக்கத்துக்கு 18 ஆணி. 18 வளையத்தை நெடுக்கே மாட்டி, 18-ஐக் குறுக்கே மேலும் கீழுமாகக் கோத்து வாங்கினால் ஒரு கரித்துணி. ஓரத்தை ஒரு வளையத்துக்குள் அடுத்ததை இழுத்துப் பூட்டினால் முடிந்தது. ஊசியே வேண்டாம்.

சித்தி, 7.30: உன் ஒன்பதில் இரண்டுதான் வரும். ஒரு பானைக்கே சரி.

பெரியம்மா, 7.31: பானையே ஒன்றுதானே. ஆனால் ஈரமாக்கிவிடாதீர்கள். நனைந்த துணியில் சூடு ஒரு நொடியில் ஏறிவிடும், நீராவி கையை அவித்துவிடும்.

மாமா, 7.35: சரி, அந்த ரக்பி சாக்ஸை எனக்குக் கொடுங்கள். இங்கே காலையில் எலும்புக்குள் இறங்குகிற குளிர். கதவடியில் காற்று சீறுகிறது.

சித்தி, 7.37: இரண்டைத் தலைக்குத் தலை தைத்து மணல் நிரப்பினால் கதவடியில் காற்றை அடைக்க, கதவு அகலத்துக்கு ஒரு துணிப் பாம்பு தயார். கடல் மணல் வேண்டாம் அண்ணா, உப்பு ஈரத்தை இழுத்து நாறும். கட்டட மணலை வெயிலில் காயவைத்துப் போடுங்கள். அரிசி போட்டால் வண்டும் எலியும் குடும்பத்தோடு வரும்.

மாமா, 7.38: கண் வைத்துத் தைத்துக் கொடு. பேரன் பயப்படுவான் 😄

பெரியம்மா, 8.02: ஆயா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து போய், அலமாரியிலிருந்து தாத்தாவின் கம்பளிச் சாக்ஸை எடுத்து வந்திருக்கிறார். கரும்பாலை இரவு வேலைக்குப் போட்டுப் போவாரே, அது. குதிகாலில் ஆயா சிவப்பு நூலால் இழையோட்டியது அப்படியே இருக்கிறது.

நான், 8.03: ஐயோ, அதை வெட்ட வேண்டாம் பெரியம்மா.

தம்பி, 8.05: உண்மையில் கரித்துணிக்குக் கம்பளிதான் எல்லாவற்றிலும் சிறந்தது. உருகாது, எளிதில் தீப்பிடிக்காது. சுடுநீரிலும் சோப்பிலும் கசக்கினால் சுருங்கி அட்டைபோல் தடிக்கும். வெட்டவே வேண்டாம், அப்படியே கையில் மாட்டலாம்.

பெரியம்மா, 8.09: ஆயாவிடம் படித்துக் காட்டினேன். “மனுஷன் உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் கூழ்ப்பானையைத் தொட்டதில்லை. இந்த வருடமாவது பிடிக்கட்டும்” என்கிறார்.

மாமா, 8.10: 😂😂 அப்பா தப்பிக்க முடியவில்லை.

நான், 8.14: ஞாயிறு எத்தனை மணிக்கு வரட்டும்?

பெரியம்மா, 8.15: விடியற்காலை ஐந்துக்கு. சோள மாவும் புளித்த பாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். சாக்ஸைத் துவைத்துக் கொண்டு வா.