சேர்வதற்கு முன்பே கம்பெனியின் நிஜ முகத்தைப் பார்ப்பது எப்படி?

ஆள் தேர்வுப் பணியில் இருப்பவர்:

"உங்க கம்பெனியில் சூழல் எப்படி?" என்று இன்டர்வியூவில் கேட்டால் "குடும்பம் மாதிரி" என்றுதான் பதில் வரும். அபிப்பிராயத்தை விடுங்கள், நடந்ததைக் கேளுங்கள்: "இந்த டீமில் கடைசியாக எந்த வேலை சொதப்பியது? மறுநாள் என்ன செய்தீர்கள்?"

"சோதிக்காத மாற்றம் ஒன்று வாடிக்கையாளர் வரை போய்விட்டது, இப்போது இரண்டு பேர் பார்த்த பிறகே அனுப்புகிறோம்" என்றால் நல்ல அறிகுறி. "ஒருத்தர் சொதப்பினார், இப்போ அவர் இல்லை" என்றால் யோசியுங்கள். "அப்படி எதுவும் நடந்ததே இல்லை" என்பதுதான் எனக்கு அதிகம் பயம் தரும் பதில். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்து 1996-ல் எழுதினார். நன்றாக நடத்தப்பட்ட வார்டுகளில்தான் பதிவான தவறுகள் கூடுதலாக இருந்தன. அங்கே தவறை வெளியே சொல்ல நர்ஸ்கள் பயப்படவில்லை.

டீம் லீட் ஒருவர்:

மேலே சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து டீம்களே வேறு வேறு உலகம். ஹெச்.ஆர். சொல்வது கம்பெனியைப் பற்றி. உங்கள் நாள் எப்படிப் போகும் என்பது மேனேஜர் கையில்.

ஆஃபர் வந்ததும், கையெழுத்துக்கு முன்னால், மேனேஜரோடு அரை மணி நேரமும் அவருக்குக் கீழே இருப்பவரோடு 20 நிமிடமும் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது பேச்சில் மேனேஜர் இருக்கக் கூடாது, இருந்தால் உண்மை வராது. அங்கே கேட்க வேண்டியது: இந்த இடம் புதியதா, யாராவது விட்டுப்போனதா? இரண்டு வருடத்தில் எத்தனை பேர் மாறினார்கள்? மூன்று பேர் என்றால் கோளாறு பெரும்பாலும் அந்த வேலையின் அமைப்பிலேயே இருக்கும். தனியாகப் பேச விடவே மாட்டோம் என்றால் அதையும் பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

தொழில் ஆலோசகர்:

சூழல் அருமையாக இருந்தும் மனசு ஒட்டாமல் தவிப்பவர்கள் நிறைய. அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-லேயே இதைப் பிரித்துக் காட்டினார்: சம்பளம், விதிமுறை, மேற்பார்வை எல்லாம் சரியாக இருந்தால் எரிச்சல் குறையும், நிறைவு தருவது வேலையும் அதில் கிடைக்கும் பொறுப்பும் வளர்ச்சியும்.

அதனால் வேலை தேடத் தொடங்கும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டு போடுங்கள். தினமும் மாலையில் இரண்டே வரி: நேரம் போனதே தெரியாமல் செய்த வேலை எது, தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தது எது. "மீட்டிங்" என்று மொட்டையாக எழுதினால் பிறகு உதவாது. "புதிதாக வந்தவருக்கு பில்லிங் கணக்கை விளக்கியது" என்று எழுதுங்கள். பத்து நாள் வரிகளைச் சேர்த்துப் படித்தால், சொல்லிக்கொடுப்பதா, நோண்டிக் கண்டுபிடிப்பதா, ஒழுங்குபடுத்துவதா, எது உங்களை இழுக்கிறது என்பது தெரியும். பிறகு மேனேஜரிடம், "போன செவ்வாய்க்கிழமை இந்த வேலையில் இருப்பவர் காலையிலிருந்து என்னென்ன செய்தார்?" என்று கேளுங்கள். அந்த நாளில் உங்கள் நோட்டில் உள்ளது எத்தனை மணி நேரம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆள் தேர்வுப் பணியில் இருப்பவர்:

இன்னொன்று. இணைய விமர்சனங்களில் தேதியைப் பாருங்கள். ஒரே வாரத்தில் ஐந்து நட்சத்திரப் பதிவுகள் கொத்தாக விழுந்திருந்தால் எழுதச் சொல்லி எழுதியதாக இருக்கலாம். இரண்டு, மூன்று நட்சத்திரப் பதிவுகளில்தான் விவரம் கிடைக்கும். ஆஃபர் கடிதத்தில் நோட்டீஸ் காலம், பாண்டு (குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டும் ஒப்பந்தம்), சம்பளத்தில் மாறும் பகுதி எவ்வளவு, இந்த மூன்றையும் வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள்.