தோட்டத்துக் கெணறு கேம்: 10 நிமிஷத்துல 11 அடி தண்ணி ஊறுது, தப்பு எங்கீங்க?

நொய்யல்கரை:
கோடோ 4-ங்கற கேம் இஞ்சின்ல செஞ்ச சின்ன கேமுங்க. விளையாட்டு 40 நிமிஷம்தான், மிச்சமெல்லாம் காத்திருக்கறது. மோட்டார் இழுத்து முடிச்சதும் கெணறு வத்திரும். மறுபடி 12 அடி ஊற நிஜ நேரத்துல 6 மணி நேரம், அதாவது மணிக்கு 2 அடி. கேமை மூடி வெச்சாலும் ஊறோணும்.

ஆண்ட்ராய்டுல மூடிட்டு 10 நிமிஷம் கழிச்சுத் தொறந்தா 4 அங்குலம்தான் இருக்கோணும். 11 அடி 4 அங்குலம் நிக்குது. துபாயில டெஸ்ட் பண்ற பையனுக்கு அதே 10 நிமிஷத்துக்கு 8 அடி 4 அங்குலம். தொறந்தே வெச்சிருந்தா கணக்கு சரியா வருது.

இன்னும் ரெண்டு. ரீசன்ட் லிஸ்ட்ல தள்ளி மூடினா சேவ் ஆகறதில்ல. தண்ணி அலை ரெண்டு நிமிஷம் அசையாம நின்னு, அப்பறம் ஒரே வெட்டாத் தாவுது.

மூடும்போது இஞ்சின் தர்ற யூனிக்ஸ் நேரத்தை (1970-ல இருந்து எண்ணற நொடிக் கணக்கு) எழுதறேன். தொறக்கும்போது சிஸ்டம் தேதிய, வருஷம், மாசம், மணின்னு தனித்தனியாப் பிரிச்ச டிக்‌ஷனரியா வாங்கி, யூனிக்ஸா மாத்தி, ரெண்டையும் கழிக்கறேன்.

தாராபுரம்ரோடு:
துபாய் கணக்கச் சொன்னீங்களே, அதுவே போதும். 4 அங்குலத்தைத் தள்ளிட்டுப் பாருங்க: இங்க 11 அடி, அங்க 8 அடி. மணிக்கு 2 அடின்னா அஞ்சரை மணி நேரம், நாலு மணி நேரம். கிரீன்விச்ல இருந்து நம்மூரும் துபாயும் முன்னால ஓடற நேரமேதான் அது.

எழுதறது கிரீன்விச் நேரம். தேதி டிக்‌ஷனரி வர்றது உள்ளூர் நேரம், அதை யூனிக்ஸா மாத்தற ஃபங்ஷன் டைம் ஜோனைத் தொடறதே இல்ல. அதனால 19,800 நொடி எச்சா வருது. அமெரிக்காவுல ஆராச்சும் ஆடினா கெணறு மைனஸ்ல போகும்!

டிக்‌ஷனரிய விட்டுட்டு, ரெண்டு பக்கமும் சிஸ்டம் யூனிக்ஸ் நேரத்தையே வாங்குங்க. நீங்க எழுதினது சரியான நேரம்ங்கறதால பழைய சேவ் ஃபைல் கெடாது. மாத்தினதும் போன்ல டைம் ஜோனை மட்டும் துபாய்க்கு மாத்திப் பாருங்க, தண்ணி அசையக் கூடாது. லண்டன்ல வெச்சுப் பாக்காதீங்க. குளிர் காலத்துல அங்க வித்தியாசம் சைபர், தப்பு ஒளிஞ்சுக்கும்.

பெருந்துறை_பிக்சல்:
சேவ் ஆகாததுக்கு: ஆப் மூடறப்ப இஞ்சின் உங்க கோடுக்குச் சொல்ற நோட்டிபிகேஷனை நம்பியிருப்பீங்க. கம்ப்யூட்டர்ல அது வரும். போன்ல ஆப் பின்னால போனதும் ஓஎஸ் எப்ப வேணா சொல்லாமக் கொன்னுரும். ஆப் பாஸ் ஆகற நோட்டிபிகேஷன்ல எழுதோணும்.

ஆனா இந்தக் கேமுக்கு அதுகூடத் தேவையில்லைங்க. எப்ப மூடினாங்கன்னு எதுக்கு எழுதறீங்க? மோட்டார் நின்ன நொடிய ஒரே தடவ எழுதி வெச்சுருங்க. இப்பத்த நேரத்துல அதைக் கழிச்சு, 3600-ல வகுத்து, 2-ஆல பெருக்கினா தண்ணி மட்டம். 0-க்குக் கீழயும் 12-க்கு மேலயும் போகாமக் கட்டுங்க. திரும்பி வர்றப்ப, அதாவது ரெஸ்யூம் நோட்டிபிகேஷன்லயும், இதே கணக்க ஓட்டுங்க. ஸ்க்ரீன் லாக் ஆனா டைமர் நோடு நின்னுரும்.

இன்னொரு எடத்துல மாட்டுவீங்க. ஒருத்தர் போன் தேதிய 8 நாள் கழிச்சு வர்ற தேதிக்குத் தள்ளி, மோட்டார் ஓட்டி நிறுத்திட்டு, தேதியத் திருப்பி வெச்சுட்டார்னு வைங்க. மோட்டார் நின்ன நேரம் நாளைக்கப்பறம் எங்கியோ கெடக்கும், கெணறு 8 நாளும் வறண்டே இருக்கும். எழுதின நேரம் இப்பத்த நேரத்துக்கு அப்பறமா இருந்தா, அதை இப்பத்த நேரமா மாத்திருங்க. ஏமாத்தறவனைப் புடிக்க இதுக்கு மேல கோடு வேண்டாம், 40 நிமிஷக் கேமுக்கு எதுக்கு போலீஸ்?

தாராபுரம்ரோடு:
அலை: யூனிக்ஸ் நேரத்தை அப்படியே ஷேடருக்கு, அதாவது திரையில அலைய வரையற குட்டி புரோகிராமுக்கு அனுப்பறீங்களா? ஸ்கிரிப்ட்ல ஃப்ளோட் (தசம எண்) 64 பிட், ஷேடர்ல 32 பிட். 170 கோடிக்கு மேல போன எண்ணுல 32 பிட்டுக்கு 128 நொடிக்குக் கீழ பிரிச்சுப் பாக்கத் தெரியாது. உங்க ரெண்டு நிமிஷம் அதுதான். ஷேடருக்குள்ளயே இருக்கற டைமை எடுத்துக்குங்க. அது 3600 நொடிக்கு ஒருக்கா சைபருக்குத் திரும்பும், அப்ப அலை ஒருவாட்டி துள்ளினா ஆரும் கவனிக்க மாட்டாங்க.

அவிநாசி_ஆட்டக்காரன்:
கோடு சரியாயிரும், காத்திருக்கறதுல ஆடறவனுக்கு என்ன வேலைங்க? டெசர்ட் பஸ்ங்கற கேம்ல டூசான்ல இருந்து லாஸ் வேகஸ் வரைக்கும் நிஜமாவே 8 மணி நேரம் ஓட்டோணும். பஸ் கொஞ்சம் கொஞ்சமா வலப்பக்கம் இழுக்கும், அதனால பட்டன்ல டேப் ஒட்டிட்டு எந்திரிச்சுப் போக முடியாது. 2020-ல வந்த தி லாங்கிங் நேர் எதிர்: 400 நாள், கேமை மூடினாலும் ஓடும், ஆனா வீட்டை ஒழுங்கு பண்ணி உக்காந்து படிச்சா நேரம் வேகமாப் போகும். உங்களுக்கு ரெண்டாவதுதான் ஒத்து வரும். ஊறற நேரத்துல வாய்க்கா செதுக்க விடுங்க. செதுக்கின அளவுக்கு அடுத்த தடவ தண்ணி வீணாகாம தென்னைக்குப் போய்ச் சேரோணும். ஊத்து வேகத்தை மட்டும் கூட்டாதீங்க, கூட்டினா அது கெணறா இருக்காது.

நொய்யல்கரை:
மாத்திட்டேனுங்க. 10 நிமிஷத்துக்கு இங்கயும் துபாயிலயும் 4 அங்குலம். ரீசன்ட்ல தள்ளி மூடினாலும் கணக்கு நிக்குது, அலையும் ஓடுது. 6 மணி நேரம் காத்திருந்து டெஸ்ட் பண்றதுதான் இழுக்குது.

பெருந்துறை_பிக்சல்:
காத்திருக்காதீங்க தம்பி. டெஸ்ட் பில்டுல மட்டும் கழிச்ச நேரத்தை 360-ஆல பெருக்குங்க, 6 மணி நேரம் 1 நிமிஷத்துல முடிஞ்சுரும். ரிலீஸ் பண்ணும்போது அதை எடுக்க மறந்துராதீங்க.